கண்ணாடிக் கூரைமேல் ஒரு காக்கா

மைசூருக்கு வந்து நான் முதலில் தொலைத்தது வியர்வையை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். தூத்துக்குடியில் குளித்துவிட்டுத் தலை துவட்டி முடிப்பதற்குள் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குப் போட்ட பவுடர் தெருமுனை வரைக்கும் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். இங்கே காலையில் போட்ட பவுடர் சாயங்காலம் வீடு திரும்பும்போதும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. வந்த புதிதில் அது வசதியாகத்தான் தெரிந்தது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். ஒரு மே மாத மத்தியானம் பக்கத்து மேசைப் பெண் "ஏன் செகெ ரீ" என்று அலுத்துக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டாள். செகெ என்றால் புழுக்கம். நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. உடம்பில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி எனக்குப் பயமாக இருந்தது.

நான் கடல் தாண்டிப் போனவள் இல்லை. சத்தியமங்கலம் காட்டில் ஏறி இறங்கி, சாமராஜநகரைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர்தான் இது. பனியிலும் பாலைவனத்திலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், இதெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று கேட்கலாம். கேட்கட்டும். கணவருக்கு ஹெப்பால் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது, கல்யாணமான கையோடு வந்துவிட்டோம். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் நிலா இங்கேயே பிறந்தவள், தூக்கத்தில் உளறினாலும் கன்னடத்தில்தான் உளறுவாள். நானும் கன்னடம் பேசுவேன். ஆனால் கடையில் முதல் வாக்கியத்தை நான் முடிப்பதற்குள்ளேயே, வந்தவர் "நீவு தமிளா?" என்று கேட்டுவிடுவார். கோபமாகக் கேட்பதில்லை. அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த அன்புதான் எனக்கு ஆகாது.

எனக்குப் பொறாமை அதிகம். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்ன வயதில் அடுத்த வீட்டுக்காரி தலையில் இருக்கும் பூவைப் பார்த்துக்கூடப் புழுங்கியிருக்கிறேன். ஆனால் இப்போது என் மனதை அரிக்கிற பொறாமை ஒரு காக்காவின் மேல். அப்பா இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை அண்ணன் கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவான். மதினி சமைத்து, மொட்டைமாடிச் சுவரில் வாழையிலைத் துண்டில் சோறு வைத்து "கா... கா..." என்று கூப்பிடுவாள். காக்கா வந்து வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். அந்தக் காக்கா சாப்பிடுவதை மதினி மறக்காமல் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவாள். கீழே ஒரே வரி: "மாமா சாப்பிட்டாவ."

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பெற்ற மகள் நான் இங்கே இருக்கிறேன், வாக்கப்பட்டு வந்தவள் கைச்சோற்றை அப்பா சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தர்ப்பணமும் இல்லை, விரதமும் இல்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது அவள் அமாவாசைக்குப் பட்டினி கிடக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மிச்சம் இருப்பது காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைக்கிற உரிமை மட்டும்தான். மதினி கெட்டவளாக இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது அவருக்கு எல்லாம் பார்த்தவள் அவள்தான். நான் லீவு கிடைக்கும்போது போய் ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் நல்லவள் என்பதனாலேயே என் பொறாமைக்கு ஒதுங்க இடமில்லாமல் போய்விட்டது.

அப்பா மைசூருக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார். மார்கழிக் குளிர். மங்கி குல்லாவைக் கழற்றாமலேயே அரண்மனையைப் பார்த்தார், மிருகக்காட்சிசாலையைப் பார்த்தார், எதையும் பாராட்டவில்லை. ஓட்டல் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு "இதென்னட்டி, சாம்பாரா பாயாசமா?" என்று கேட்டார். எங்கள் எதிர்வீட்டுப் புஷ்பக்கா, விருந்தாளி வந்திருக்கிறார் என்று பிரியமாகப் புளியோகரெ செய்து கொண்டுவந்தாள். புளியோகரெ என்பது இந்த ஊர்ப் புளிசாதம், அதில் வெல்லம் கட்டாயம் உண்டு. அப்பா ஒரு உருண்டையை வாயில் போட்டு, அவள் போகிற வரைக்கும் மென்றுகொண்டே இருந்தார். பிறகு "புளிச்சோத்துல யாராச்சும் வெல்லத்தப் போடுவாவளா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வந்த மூன்றாம் நாளே தூத்துக்குடி ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நீ வேணா ஊருக்கு வா தாயி. நான் இனிமே இங்கன வரமாட்டேன்." சொன்ன சொல் தவறாத மனுஷர்.

அதனால்தான் என் பால்கனியில் காக்கா வராதபோது அதை நான் வெறும் பறவை சமாச்சாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. மைசூரில் காக்காவுக்குப் பஞ்சமில்லை. எதிரே புஷ்பக்கா பால்கனிக்குத் தினமும் ஒன்று வருகிறது. அவள் கூப்பிடுவதுகூட இல்லை. தோசையின் ஓரத்தைப் பிய்த்துக் கம்பிமேல் வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள், அது வந்து உட்கார்ந்து நிதானமாகத் தின்றுவிட்டு அலகைக் கம்பியில் தீட்டிக்கொண்டு போகும். அது தன் மாமியார்தான் என்பது புஷ்பக்காவின் நம்பிக்கை. அந்த மாமியாரை எனக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொண்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். அப்படிப்பட்ட மாமியாரே தவறாமல் வருகிறாள். நான் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோற்றை வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் என் பக்கம் ஒரு காக்காவும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோறு எறும்புக்குத்தான் போகும்.

இந்தப் புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. அன்றைக்கு இங்கே அரசு விடுமுறை, நம்மைப் போலவே இவர்களும் செத்தவர்களுக்குப் படைக்கிறார்கள். நான் விடிவதற்கு முன்பே எழுந்து வாழைக்காய்ப் பொரியலும் பாசிப்பருப்பும் வடையும் செய்தேன். பால்கனியில் இலையை வைத்துவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தேன். காக்கா வாய் வைக்கும்வரை நான் சாப்பிடுவதில்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். இதை விரதம் என்று வீட்டில் சொல்ல முடியாது. கணவர் இட்லித் தட்டோடு வந்து "சாப்பிடலையா?" என்றார். பசிக்கவில்லை என்றேன். அவர் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் உசுரோடதான் இருக்கேன் செல்வி, அத ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

எதிர்ப் பால்கனியில் புஷ்பக்கா வந்தாள். அவள் கம்பியில் அந்தக் காக்கா வடையைக் குத்திக்கொண்டிருந்தது. என் இலையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பரலில்வா?" என்றாள், வரவில்லையா என்று. நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "நம் காகெ களிஸ்லா?" என்று கேட்டாள். எங்கள் காக்காவை அனுப்பட்டுமா என்று அர்த்தம். கேலியாகச் சொல்லவில்லை, சர்க்கரை இல்லையென்றால் ஒரு டம்ளர் தரட்டுமா என்று கேட்பவளின் அதே குரல்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. மைசூர்க் காக்காவுக்குக்கூட நான் "நீவு தமிளா?"தான் போலிருக்கிறது.

மத்தியானம் நிலாவை ஒரு பறவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பெரிய கண்ணாடிக் கூடம் கட்டி, உள்ளே மழைக்காட்டு மரங்களை வளர்த்து, எந்தெந்த தேசத்துப் பறவைகளையோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நிலா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இலையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். படியிறங்கும்போது புஷ்பக்கா ஓடிவந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை என் கையில் திணித்தாள். திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே சொன்னது, புளியோகரெ. அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மதினியின் வீடியோ இன்னும் வரவில்லை. வந்தால் எரியும் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூடத்துக்குள் நுழைய இரண்டு கதவுகள். முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கிறார்கள். திறந்ததும் முகத்தில் வந்து அப்பியது தூத்துக்குடி. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. கனத்த, ஈரமான, மூச்சை அடைக்கிற அதே காற்று. உயரத்தில் ஓடிய குழாய்களிலிருந்து நீர்த்திவலை புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன குடும்பம் "அய்யோ செகெ" என்று முந்தானையால் வீசிக்கொண்டது. என் காதோரத்தில் ஒரு துளி அரும்பி, கழுத்தில் உருண்டு, ரவிக்கைக்குள் இறங்கியது. அடுத்து இன்னொன்று. நான் ஒரு வாழை மாதிரியான செடிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைக்காமல் விட்டேன். பசியோ என்னவோ, அழுகை வந்தது. வியர்வையோடு வியர்வையாக அதுவும் போயிற்று.

அழுகை அடங்கியதும் பொறாமை வந்துவிட்டது. அது என்னை அதிக நேரம் பிரிந்து இருக்காது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பலகை வைத்து, பெயரையும் கீழே அதன் தாயகத்தையும் எழுதியிருந்தார்கள். பிரேசில் என்றால் பிரேசில், நியூ கினியா என்றால் நியூ கினியா. அது எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் வெயிலையும் மழையையும் குழாய் போட்டு வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுகளிடம் யார் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், யார் விலாசச் சான்று கேட்டார்கள்? பப்பாளியும் மாதுளையும் தட்டில் நறுக்கி வைத்திருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய கிளி, கட்டையில் உட்கார்ந்துகொண்டு "நமஸ்காரா" என்றது. கூட்டம் கை தட்டியது. ஒரே ஒரு சொல். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பத்து வருஷமாக நான் இலக்கணத்தோடு பேசுகிற கன்னடத்துக்கு எந்த மனிதரும் கை தட்டியதில்லை.

வருகிறவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் சூரியகாந்தி விதை கொடுக்கிறார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்றால் பறவைகள் வந்து உட்காரும். நிலாவின் தலையில் ஒன்று, தோளில் இரண்டு. கணவரின் சட்டைப் பையில் ஒரு பச்சைக்கிளி தலையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தது. அவர் கூச்சத்தில் நெளிந்தார். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. நேரம் போகப் போக அது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. காலையிலிருந்து நின்ற அதே நிலை, அதே நீட்டிய கை. என்னையறியாமல் கையை உயர்த்தி, பால்கனியில் கூப்பிடுகிற அதே ராகத்தில் "கா... கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். "அம்மா, சும்னிரும்மா" என்று நிலா பல்லைக் கடித்தாள். பச்சைச் சட்டை போட்ட பணியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து மரியாதையாக, "கூகபேடி மேடம், அவே பர்த்தவெ" என்றார். கூப்பிட வேண்டாம், அதுகளாகவே வரும் என்று சொல்கிறார். கூப்பிடாமல் எனக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்ல.

அவர் சொன்னபடி ஒன்று வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும், பச்சை உடம்பு, ஆரஞ்சுத் தலை. தோளில் உட்கார்ந்து விதையைப் பார்க்கவே இல்லை. என் கழுத்தில் வழிந்த வியர்வையைச் சொரசொரப்பான சின்ன நாக்கால் நக்கியது. உப்புக்காக வந்திருக்கிறது. "ஒன் உப்பத் திங்க ஆள் வந்தாச்சு பாரு" என்று கணவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் எனக்கு வேண்டியது இது இல்லை. எந்த தேசத்துக் கிளி என்னை நக்கினாலும் என் பால்கனி இலை காலியாகப் போவதில்லை.

அப்போது நிலா மேலே கைகாட்டினாள். "அம்மா, அங்க நோடு. காகெ. அதுக்கும் உள்ள வரணுமாம்." கண்ணாடிக் கூரையின் வெளிப்பக்கம் ஒரு காக்கா. சரிவில் கால் வழுக்க வழுக்க நடந்து வந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பப்பாளித் தட்டைப் பார்த்தது. அலகால் ஒரு கொத்து. மறுபடி ஒரு கொத்து. உள்ளே எங்களைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை, அதற்குப் பலகையும் இல்லை. அந்தக் கண்ணில் இருந்ததை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். பொறாமைதான். வேறு சந்தேகமே இல்லை.

நான் கிண்ணத்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். அந்த இரண்டு கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திறந்தன, அதற்குள் அது பறந்துவிடுமோ என்று தவித்துவிட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டைத் தூக்கி டப்பாவை எடுத்தேன். கையில் வேறு சோறு இல்லை. வேலிச் சுவரின்மேல் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, அதில் ஒரு பிடி புளியோகரெயை வைத்தேன். நான் கூப்பிடக்கூட இல்லை. அது கூரையிலிருந்து நேராகச் சுவருக்கு இறங்கியது. ஒரு பருக்கை எடுத்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு மளமளவென்று தின்ன ஆரம்பித்தது. நானும் வீடியோ எடுக்க மறக்கவில்லை. குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: "அப்பா மைசூர்ல சாப்பிட்டாச்சு." பக்தியில் அனுப்பவில்லை. மதினி பார்க்க வேண்டும், பார்த்து ஒரு நிமிஷமாவது எரிய வேண்டும் என்றுதான் அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது, மதினிதான். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எடுத்தேன். அந்தப் பக்கம் கடகடவென்று ஏதோ இயந்திரச் சத்தம். அதற்கு மேலே மதினி கத்திப் பேசினாள்.

"செல்வி, நெசமாவே வந்துட்டாவளா? இங்க பக்கத்து மனையில காலையிலருந்து போர் போடுதான். இந்தச் சத்தத்துல ஒரு காக்கா அண்டல. ஒங்கண்ணன் இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல. சுகர் மாத்திரையப் போட்டுட்டு, அப்பா வராம சாப்பிட மாட்டேன்னு சாதிச்சுட்டு உக்காந்திருக்காவ. கையெல்லாம் நடுங்குது. சொன்னா கேக்க மாட்டுக்காவ."

வீடியோ வராத காரணம் இதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதினி போனை அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் குரல் தேய்ந்து போயிருந்தது.

"அப்பா அங்கனயா வந்தாவ?"

"ஆமாண்ணே. இப்பதான். என் முன்னாடிதான் இருக்காவ."

"என்னத்தம்மா வச்ச?"

"புளிச்சோறு."

"அந்த ஊர்ப் புளிச்சோறா?" என்றான். "அது இனிக்குமேட்டி. அவ்வோளுக்கு ஆவாதே."

நான் சுவரைப் பார்த்தேன். மூடி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காக்கா அலகை ஒரு பக்கம், மறுபக்கம் என்று சுவரில் தீட்டியது. அந்தத் தீட்டலை நான் புஷ்பக்கா வீட்டுக் கம்பியில் பார்த்திருக்கிறேன். எல்லாக் காக்காவும் அப்படித்தான் தீட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கலண்ணே. நீ சாப்பிடு."

"சாப்பிடலாமா?"

தர்ப்பணம் செய்கிற மகன் என்னிடம் கேட்கிறான். கட்டிக்கொடுத்தவளிடம், எந்த உரிமையும் இல்லாதவளிடம். "அப்பா சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு" என்றேன். மதினி அந்தப் பக்கம் "இலையப் போடுதேன், இலையப் போடுதேன்" என்று சொல்லிக்கொண்டு ஓடுவது கேட்டது. அவள் குரலில் எரிச்சல் கொஞ்சமும் இல்லை. அதற்கும் நான்தான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

போனை யாரும் வைக்கவில்லை. அங்கே தண்ணீர் தெளிக்கிற சத்தமும், பாத்திரம் வைக்கிற சத்தமும், பூமியைத் துளைக்கிற சத்தமும் கேட்டன. காக்கா மறுபடி கண்ணாடிக் கூரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்தது. சாமுண்டி மலைப் பக்கமிருந்து காற்று வந்தது, என் வியர்வை காய்ந்துவிட்டது. அண்ணன் முதல் வாயை மெல்லுவது போனில் கேட்ட பிறகு, நான் சுவரோரம் உட்கார்ந்து புஷ்பக்காவின் டப்பாவில் கையை விட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.